தூங்கு என்றால் தூங்க வேண்டும்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெஸ்தாரி ஜெயா வளாகத்தில் கணினியியல் இறுதியாண்டு படிப்பதாகவும், ஆய்வுத் திட்டத்துக்குக் கணினியைத் தூங்க வைக்கும் இடைமுகத்தை எடுக்க நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். "எல்லாரும் செயற்கை நுண்ணறிவு என்று போகும்போது நீ ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று வகுப்பில் கேட்கிறார்களாம். இப்படித் தயங்கி நிற்கும் பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள். ஆகவே பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எடுங்கள். தயங்காமல் எடுங்கள். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கும் மேலான இழுபறி இருக்கிறது. எந்திரம் எப்போது தூங்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? சொன்னபடி தூங்கியதா என்று நமக்கு யார் சொல்வது? இந்த இரண்டு கேள்விகளையும் பெரிய நிறுவனங்கள் பலமுறை தொட்டுப் பலமுறை விட்டிருக்கின்றன. ஈஜோக் பக்கத்துத் தோட்ட வீட்டில் வளர்ந்த நீங்கள் அதைத் தொடுவதற்கு எல்லாத் தகுதியும் உள்ளவர்.

உங்கள் வீட்டில் நடந்ததாக இரண்டு சம்பவங்களைச் சொல்லியிருந்தீர்கள். ஒரே லாப்டாப்பை நான்கு பேர் பயன்படுத்துகிறீர்கள். இரவு மூடி பையில் வைத்ததைக் காலையில் எடுத்தால் சுடச்சுட இருக்கிறது, பேட்டரி காலி. இது ஒன்று. சித்தப்பா வீட்டு மேசைக் கணினியைத் தம்பி தூங்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். இடி இடித்ததும் பாட்டி வழக்கம்போல எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டார். பாதி எழுதிய கட்டுரை போய்விட்டது. இது இரண்டாவது. பிள்ளைகள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் திட்டு விழுந்ததாம். தவறு பிள்ளைகள் மேல் இல்லை, பாட்டி மேலும் இல்லை. இரண்டு இடத்திலும் எந்திரம் என்ன நிலையில் இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது இடைமுகம்.

முதலில் தூக்கம் என்பது எந்திரத்துக்குள் என்ன என்று பார்ப்போம். நீங்கள் படித்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நாம் திறந்து வைத்திருக்கும் பக்கம், பாதி எழுதிய வரி எல்லாம் ரேம் என்னும் நினைவகத்தில் இருக்கின்றன. ரேமில் உள்ளது மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும். அதுவும் சும்மா நிற்காது: ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தால்தான் அழியாமல் இருக்கும். சாதாரணத் தூக்கத்தில் திரை, டிஸ்க், செயலி எல்லாம் அணைந்துவிடும். ரேமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்டு போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் தட்டியவுடன் விழிக்கிறது. அதனால்தான் பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் போகிறது. ஹைபர்னேட் என்பது வேறு. அதில் ரேமில் உள்ளதை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டு முழுவதும் அணைந்துவிடும். விழிக்க நேரமாகும், ஆனால் கரண்டு போனாலும் கவலையில்லை.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா என்று தோன்றும். முடியும். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்தாவில் மேசைக் கணினிகளுக்கு அப்படி ஒரு கலப்புத் தூக்கத்தை வைத்தார்கள். முதலில் டிஸ்கில் ஒரு பிரதியை எழுதிவிட்டு, பிறகு ரேமுக்குக் கரண்டு கொடுத்துக்கொண்டே தூங்கும். கரண்டு இருந்தால் உடனே விழிக்கும். போயிருந்தால் டிஸ்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆண்டில் பாதி நாள் இடி கேட்கும் சிலாங்கூருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. பாட்டி பிளக்கைப் பிடுங்குவது அனுபவத்தில் கற்ற நல்ல பழக்கம். மின்னல் கம்பி வழியாக வந்து டிவியையும் மோடத்தையும் எரித்த வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அந்தப் பழக்கத்துக்கு ஈடுகொடுக்கிற தூக்கத்தைத்தான் நம் ஊர்க் கணினிக்கு இயல்பாக வைக்க வேண்டும். இந்த வசதி எத்தனை கணினிகளில் அமைப்புப் பட்டியலின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது என்று உங்கள் ஆய்வில் தேடிப் பாருங்கள்.

இப்போது "யார் முடிவு செய்வது" என்ற கேள்வி. தோட்டங்களுக்குத் தேசிய மின்கம்பி வருவதற்கு முன் லயங்களில் எப்படி விளக்கெரிந்தது என்று உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் ஓடத் தொடங்கும். இரவு குறித்த நேரத்தில் நின்றுவிடும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பாதிப் பாடத்தில் இருக்கலாம், ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். நிறுத்தும் முடிவு ஆபீசில். லயத்தில் இருந்தவருக்கு விசை கையில் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குத்தான் கையில் இருந்தது. 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் போதிய மின்சாரம் தருவதையும் முதலாளியின் கடமைகளில் ஒன்றாக்கியது. விசை யார் கையில் இருக்கிறது என்பது நம் மக்களுக்குப் புத்தகக் கேள்வி அல்ல. கணினியின் தூக்கத்திலும் அதே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் பெரும்பாலான முடிவை எடுத்தது தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ். இவ்வளவு நேரம் யாரும் தொடவில்லை, ஆகவே தூங்கலாம் என்று அதுவே எண்ணிக்கொள்ளும். மேலே ஓடும் இயங்குதளம் என்ன வேலையில் இருக்கிறது என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புதிய வரையறையை வெளியிட்டன. இதில் அதிகாரம் இயங்குதளத்துக்கு மாறியது. தூக்கத்தின் ஆழத்துக்கும் படிகள் வகுத்தார்கள்: ரேமில் தூங்குவது எஸ்3, டிஸ்கில் தூங்குவது எஸ்4, அணைந்த நிலை எஸ்5. பயாஸிடமிருந்து இயங்குதளத்துக்கு வந்தது நல்ல மாற்றம். பயனர் திறந்து வைத்திருக்கும் வேலைகளை அறிந்த இடத்துக்கு முடிவு வந்து சேர்ந்தது.

ஆனால் இன்னொரு வாசல் திறந்திருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி வரை, தூங்கப் போகிறேன் என்று இயங்குதளம் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலாலும் "வேண்டாம்" என்று தடுக்க முடியும். அப்படி ஒரு நிரல் தடுத்தால், மூடிய லாப்டாப் பைக்குள் விழித்தபடியே கிடக்கும். விஸ்தாவில் அந்தத் தடுப்புரிமையை எடுத்துவிட்டார்கள். நிரல்களுக்கு முன்கூட்டியே தகவல் வரும். எழுத வேண்டியதை எழுதிக்கொள்ள ஏறக்குறைய 2 விநாடி. அதற்குப் பிறகு தூக்கம். மனிதர் மூடியை மூடியிருக்கிறார், அது கட்டளை. எங்கோ பின்னால் ஓடும் நிரல் அதை மறுக்கக் கூடாது. கணினித் தூக்கத்தின் வரலாற்றில் பயனருக்குக் கிடைத்த மிகத் தெளிவான உரிமை இதுதான் என்பேன்.

அதே விஸ்தாதான் இடைமுகத்தில் பெரிய பாடமாகவும் ஆனது. ஸ்டார்ட் பட்டியலில் கணினியை விட்டுப் போவதற்கு 9 வழிகள்: 2 படங்கள், 7 சொற்கள். விசைச் சேர்க்கைகள், மின்பொத்தான், மூடி எல்லாம் சேர்த்தால் 15 என்று 2006-இல் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற மென்பொருளாளர் எண்ணிக் காட்டினார். அந்தப் பட்டியலில் வேலை செய்த மோய்ஷே லெட்வின் அதற்குப் பிறகு வெளிப்படையாக எழுதினார்: அந்தச் சின்னஞ்சிறு பகுதிக்காக ஓராண்டு வேலை செய்ததாகவும், பல குழுக்கள் அதில் கருத்துச் சொன்னதாகவும், கடைசி முடிவு யார் கையில் என்றே தெரியவில்லை என்றும். இன்னும் ஒன்று. அந்தப் பட்டியலில் முதலில் கண்ணில் படும் படம் அணைக்கும் பொத்தானின் படம். இயல்பாக அது செய்தது தூங்க வைக்கும் வேலை. அணைத்துவிட்டோம் என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கியவர்கள் எத்தனை பேரோ.

உங்கள் தோழிகள் "ஒரு பொத்தான்தானே" என்று சொன்னால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தில், தேர்ந்த பொறியாளர்கள் ஓராண்டு உழைத்தும் அந்தப் பொத்தானைச் சரியாக வைக்க முடியவில்லை. காரணம் திறமைக் குறைவு இல்லை. எல்லாருக்கும் ஒரு வழி வைக்க முயன்றார்கள்; ஒருவருக்கும் தெளிவான வாக்குறுதி கொடுக்கவில்லை.

இதைவிட நல்ல வழியை ஏற்கெனவே ஒருவர் காட்டியிருந்தார். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் மின்சிக்கனம் பற்றி ஆராய்ந்த புரூஸ் நார்ட்மன், மின்கட்டுப்பாட்டு இடைமுகத்துக்கு ஒரு தரத்தை உருவாக்க உழைத்தார். 2004-இல் அது ஐஇஇஇ 1621 என்ற தரமாக வந்தது. அதன் சாரம் மிக எளிது. மனிதருக்குத் தெரிய வேண்டிய நிலைகள் மூன்றே மூன்று: ஓடுகிறது, தூங்குகிறது, அணைந்திருக்கிறது. தூக்கத்துக்குப் பிறைநிலாக் குறி. ஓடினால் பச்சை விளக்கு, தூங்கினால் மஞ்சள் கலந்த செம்பொன் விளக்கு, அணைந்திருந்தால் விளக்கே இல்லை. உள்ளே எஸ்1, எஸ்3 என்று எத்தனை படி இருந்தாலும் அது எந்திரத்தின் பாடு. மனிதர் மனத்தில் இருக்க வேண்டியது மூன்று நிலை.

விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆப்பிள் தன் மடிக்கணினிகளில் தூக்கத்துக்கு ஒரு விளக்கு வைத்திருந்தது. அது சிமிட்டாது, மெல்ல ஒளி கூடி மெல்லக் குறையும், மனிதர் ஓய்வில் மூச்சுவிடும் வேகத்தில். 2003-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலே உள்ளே தூங்குகிறது என்று தெரியும். பின்னாளில் கணினிகள் மெலிந்தபோது அந்த விளக்கை எடுத்துவிட்டார்கள். இன்று பெரும்பாலான லாப்டாப்புகளில் மூடியை மூடினால் வெளியே ஒரு அடையாளமும் கிடையாது. தூங்குகிறதா, விழித்திருக்கிறதா, அணைந்துவிட்டதா என்பதை அறிய மூடியைத் திறக்க வேண்டும், திறந்தால் விழித்துவிடும். உங்கள் வீட்டுப் பை சூடானதற்குப் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மூடி மூடியதும் உள்ளே நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். மூடியில் இருக்கும் சிறு காந்தத்தை எதிரே உள்ள உணரி கண்டுகொள்கிறது. செய்தி இயங்குதளத்துக்குப் போகிறது. நிரல்களுக்கு அறிவிப்பு வருகிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் பெரும்பாலும் புழங்கும் சிஸ்டம்டி ஏற்பாட்டில், அவகாசம் கேட்ட நிரலுக்கு இயல்பாக 5 விநாடிவரை கிடைக்கும். பிறகு, இன்னும் எழுதப்படாமல் இருக்கும் கோப்புகள் டிஸ்கில் எழுதப்படுகின்றன. ஓடும் நிரல்கள் எல்லாம் அப்படியே உறைய வைக்கப்படுகின்றன. அடுத்து சாதனங்கள் ஒவ்வொன்றாக: யுஎஸ்பியில் செருகிய எலி முதலில், அது செருகியிருக்கும் யுஎஸ்பிக் கட்டுப்படுத்தி பிறகு. ஒன்றைச் சார்ந்திருப்பது முதலில் தூங்க வேண்டும். தாங்கி நிற்பது பின்னால் தூங்க வேண்டும். கடைசியில் செயலியின் ஒரு கருவைத் தவிர மற்றவை அணைகின்றன. ரேம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலைக்குப் போகிறது. பிறகு அந்தக் கடைசிக் கருவும் நிற்கிறது.

இந்த வரிசையில் ஒரே ஒரு சாதனத்தின் இயக்கி "என்னால் முடியாது" என்றால் போதும். நிரல்களை உறைய வைக்க 20 விநாடிக்குள் முடியவில்லை என்றாலும் போதும். லினக்ஸ் வந்த வழியே திரும்பி, எல்லாவற்றையும் எழுப்பிவிடும். எந்திரத்தின் பார்வையில் அது சரியான செயல். அரைகுறையாகத் தூங்குவதைவிட விழித்திருப்பது மேல். ஆனால் மனிதர் மூடியை மூடிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிவிட்டார். தோல்வி ஒரு பதிவுக் கோப்பில் ஒரு வரியாக எழுதப்படுகிறது. அந்த வரியைப் படிக்கப்போவது யார்? விண்டோஸிலும், கடைசியாக எழுப்பியது எது, இப்போது தூங்கவிடாமல் வைத்திருப்பது எது என்று சொல்லும் கட்டளைகள் இருக்கின்றன. அவை கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைகள். உங்கள் அம்மாவுக்கு அது எட்டாது. உண்மை எந்திரத்துக்குள் இருக்கிறது. உரியவரிடம் போய்ச் சேரவில்லை. உங்கள் ஆய்வு நிற்க வேண்டிய இடம் இதுதான்.

2012-க்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கலாகியது. விண்டோஸ் 8-இல் ஷட் டவுன் அழுத்தினால்கூட, இயங்குதளத்தின் உட்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணையும் வேகத்தொடக்க முறை வந்தது. முழுப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட்தான் அழுத்த வேண்டும். இது தெரியாமல், கோளாறு வரும்போதெல்லாம் அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கைப்பேசியைப் போல, தூங்கும்போதும் வலையோடு தொடர்பில் இருக்கும் முறையும் அதே பதிப்பில் தொடங்கியது. விண்டோஸ் 10-இல் விரிந்தது. இந்த முறை வந்த பல புதிய லாப்டாப்புகளில் பழைய எஸ்3 தூக்கமே இல்லை. மூடியை மூடினால் திரை அணைகிறது. உள்ளே எந்திரம் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இடையிடையே விழித்து மின்னஞ்சலைப் பார்க்கும், புதுப்பிப்பை இறக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் வசதிதான். ஒரு இயக்கியோ ஒரு நிரலோ அடங்காவிட்டால் பை சூடாகும், பேட்டரி கரையும். விசை மறுபடியும் கையைவிட்டு நழுவியது இப்படித்தான்.

லினக்ஸ் உலகிலும் இந்த விவாதம் கடுமையாக நடந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காக கூகுள் பொறியாளர்கள் "விழிப்புப் பூட்டு" என்ற முறையை வைத்திருந்தார்கள். அதன்படி எந்திரத்தின் இயல்பு நிலையே தூக்கம். ஏதாவது ஒரு நிரல் பூட்டைப் பிடித்திருக்கும்வரைதான் விழிப்பு. எல்லாரும் விட்டால் உடனே தூக்கம். 2009-இல் இதை லினக்ஸின் கெர்னல் என்னும் கருவில் சேர்க்கக் கொண்டுவந்தபோது பலத்த எதிர்ப்பு. நிரல் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒழுங்காகப் பூட்டைத் திறப்பார்கள் என்று நம்ப முடியுமா என்று கேட்டார்கள். மூன்றாண்டு வாதத்துக்குப் பிறகு, லினக்ஸின் மின்மேலாண்மையைக் கவனிக்கும் போலந்துக்காரர் ரஃபேல் வைசோக்கி எழுதிய தானியங்கித் தூக்க முறை 2012-இல் 3.5 பதிப்பில் சேர்ந்தது.

அந்த வாதத்தின் நடுவே 2010-இல் பிறந்த ஒரு சிறு இடைமுகத்தை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சிக்கல் இது: தூங்கலாம் என்று முடிவெடுத்த கணத்துக்கும் உண்மையில் தூங்கும் கணத்துக்கும் இடையே ஒரு அழைப்பு வந்துவிட்டால்? அதைக் கவனிக்காமல் எந்திரம் தூங்கிப்போகும். அதற்கு வைசோக்கி வைத்த ஏற்பாடு ஒரே ஒரு எண். எழுப்பும் நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் அந்த எண் ஒன்று கூடும். தூங்க வைக்க விரும்பும் நிரல் முதலில் எண்ணைப் படிக்க வேண்டும். 41 என்று வைத்துக்கொள்வோம். மிச்ச வேலையை முடித்துவிட்டு அதே 41-ஐத் திரும்ப எழுத வேண்டும். இடையில் எதுவும் வரவில்லை என்றால் கரு அதை ஏற்கும்; தூக்கம் தொடங்கலாம். அழைப்பு வந்து எண் 42 ஆகியிருந்தால் ஏற்காது. மறுபடி பார் என்று திருப்பி அனுப்பும். ஒப்புக்கொண்ட பிறகு ஏதாவது வந்தாலும் தூக்கம் நிறுத்தப்படும். ஒரு கோப்பு, ஒரு எண், ஒரு விதி. யாரும் யாரையும் ஏமாற்ற முடியாத ஒப்பந்தம். நல்ல இடைமுகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

நம்மைப் போன்ற இடங்களை மனத்தில் வைத்துச் செய்த முயற்சியும் உண்டு. "ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி" இயக்கம் 2007-இல் எக்ஸ்ஓ என்ற சிறு கணினியைக் கொண்டுவந்தது. மின்சாரம் அரிதான கிராமத்துப் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்தது. இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் கைராத் கிராமப் பள்ளியில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பிறகு இலங்கைப் பள்ளிகள் சிலவற்றுக்கும் அது போனது. அதன் திரைக்குத் தனிச் சில்லு இருந்தது. பிள்ளை ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே செயலி தூங்கிவிடும். எழுத்து திரையில் அப்படியே நிற்கும். பக்கத்தைப் புரட்ட விசையைத் தொட்டால் செயலி எழும். அந்த இயக்கம் நினைத்த அளவுக்குப் பரவவில்லை. ஆனாலும் அந்த வடிவமைப்பு ஒன்றை நிரூபித்தது: யாருக்காகச் செய்கிறோம் என்பது தெளிவானால், தூக்கத்தின் வடிவமே மாறும்.

நம் வட்டாரத்தில் யாருக்காகச் செய்ய வேண்டும்? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, லயத்திலும் தாமானிலும் பிள்ளைகள் அப்பாவின் கைப்பேசியில் பாடம் படித்ததை நாம் பார்த்தோம். 2021-இல் செர்டிக் திட்டம் நாடு முழுக்க ஏழை மாணவர்களுக்கு 150,000 கருவிகளைக் கொடுக்க முன்வந்தது. கருவி கொடுப்பது முதல் படி. பல வீடுகளில் ஒரு கருவியைப் பலர் பகிர்கிறார்கள். பழைய பேட்டரி, சொன்ன நேரம் நிற்காது. இடி வந்தால் பிளக் போகும். ஒருவர் பாதியில் விட்டதை இன்னொருவர் தெரியாமல் அணைத்துவிடுவார். பெரிய நகரத்து அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு லாப்டாப் என்ற கணக்கில் வடிவமைத்தவர்களுக்கு இவை அரிய விதிவிலக்குகளாகத் தெரியும். ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் தஞ்சோங் காராங்கிலும் இவைதான் அன்றாடம்.

மின்சாரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கணினி அறையில் 30 மேசைக் கணினிகள் இரவில் சும்மா விழித்திருக்கின்றன, ஒன்றுக்கு 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். 14 மணி நேரத்தில் 21 யூனிட் போய்விடும், ஒரே இரவில், ஒரே அறையில். கோலா சிலாங்கூரிலிருந்து ஜெராம் வழியாகக் கிள்ளானுக்குப் போனால் காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். பெரும்பகுதி நிலக்கரியில் ஓடும் நிலையம் அது. யாரும் பார்க்காத திரைக்கும் அங்கேதான் நிலக்கரி எரிகிறது. தூக்கத்தை அணைத்து வைத்த ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை தூங்கி விழிக்காமல் போன கணினியை, மறுமுறை தூங்கவிட யாருக்கும் மனம் வராது. நம்பிக்கை போன இடத்தில் மின்சாரமும் போகிறது. நம்பத்தக்க தூக்கத்தைச் செய்து கொடுத்தால், சிக்கனம் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் திட்டத்துக்கு நான் சொல்லக்கூடியவை இவை.

முதலாவது, மனிதர் பார்க்கும் நிலைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ரேமா, டிஸ்கா, இரண்டுமா என்பதை எந்திரமே தேர்ந்துகொள்ளட்டும்: பேட்டரி குறைந்தால், வெகுநேரம் யாரும் தொடாவிட்டால், பிளக் போக வாய்ப்புள்ள மேசைக் கணினியானால், டிஸ்கில் ஒரு பிரதி கட்டாயம்.

இரண்டாவது, மூடியை மூடுவது கட்டளை. அதை மீற ஒரு நிரலுக்கு உண்மையான காரணம் இருந்தால், அந்த விதிவிலக்கை மூடுவதற்கு முன்பே மனிதர் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தூக்கம் தோற்றால் உடனே சொல்ல வேண்டும், வெளியே கேட்கும்படி சொல்ல வேண்டும். ஒரு சிறு ஒலி போதும். பையில் போடுவதற்குள் கேட்டுவிடும்.

நான்காவது, விழித்ததும் ஒரு வரியில் கணக்குக் காட்ட வேண்டும்: இரவு எவ்வளவு நேரம் தூங்கினேன், எவ்வளவு பேட்டரி போனது, இடையில் யார் எழுப்பினார்கள். எளிய சொற்களில், வீட்டு மொழியில்.

ஐந்தாவது, பகிரும் வீட்டை மனத்தில் வையுங்கள். தம்பியின் பக்கம் சேமிக்காமல் கிடக்கிறது என்பது அக்கா அணைக்கும்போது அவளுக்குத் தெரிய வேண்டும்.

சோதனைக்கு வளாகத்துக் குளிர்சாதன அறை போதாது. உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பாட்டியிடம் கொடுத்து, இது தூங்குகிறதா அணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். பார்த்ததும் சரியாகச் சொன்னால் உங்கள் வடிவமைப்பு தேறியது. சொல்ல முடியாவிட்டால் வடிவமைப்பைத் திருத்துங்கள். பாட்டிக்கு விளக்கம் சொல்ல உட்காராதீர்கள். லினக்ஸை எடுத்துக்கொண்டால் கருவின் மூலநிரலே உங்கள் கையில் இருக்கும். யாருடைய அனுமதியும் கேட்காமல் மாற்றிப் பார்க்கலாம். நன்றாக வந்தால் உலகத்துக்கே கொடுக்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைகள் கணினி படித்து வேலைக்குப் போவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். எனக்கு அதற்கு மேலும் ஓர் ஆசை இருக்கிறது. யாரோ எங்கோ முடிவு செய்த எந்திரத்தைப் பயன்படுத்துகிறவர்களாக மட்டும் நம் பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது. எந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கிற இடத்தில் அவர்கள் உட்கார வேண்டும். அந்த இடத்துக்குப் போகும் வழி பெரிய தலைப்புகளில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டில் தினம் இடிக்கும் ஒரு சின்னக் குறையைக் கையிலெடுத்து, அடிவரை போய், சரிசெய்து காட்டுவதிலும் இருக்கிறது.

திட்ட முன்மொழிவை இந்த வாரமே எழுதுங்கள். விரிவுரையாளர் தலைப்பு சிறியது என்று சொன்னால், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். எழுதி முடித்ததை எனக்கும் அனுப்புங்கள். வரிவரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
கோலா சிலாங்கூர்